எட்டுக்குத் திருப்பினால்

நீதான் எடுத்தாய். வேறு யாரும் இல்லை, நீதான். குழாயை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறாய். உன் பேர் தெரியாது, ஊர் தெரியாது, ஆனால் உன் கை எனக்குத் தெரியும். பெட்டியைத் திறந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. உள்ளே கறுப்பு ஸ்பாஞ்சில் டெலஸ்கோப் படுத்துக் கிடக்கிறது, அதன் தலைமாட்டில் மூன்று சின்னப் பள்ளம், மூன்றும் காலி. ஐபீஸ் இருந்த பள்ளங்கள். குழாயின் பின்பக்கம் செருகி நாம் கண்ணை வைக்கிற கண்ணாடிச் சிமிழ், அது இல்லையென்றால் இத்தனை நீளக் குழாயும் வெறும் தகரம்தான், நிலாவுக்கு நேராகப் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் ஸ்பாஞ்ச் ஓர் இடத்தில்கூடக் கிழியவில்லை. அவசரக்காரன் கை இல்லை அது. கோழிக்கு அடியிலிருந்து முட்டை எடுக்கிற மாதிரி நிதானமாக எடுத்திருக்கிறாய். மூடிப்போன பள்ளிக்கூடத்துச் சாமான்களை ஏலத்தில் மொத்தமாக எடுத்தவன் நான், பெஞ்சு, தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், பஸ் டயர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து முகர்ந்து பார்த்து எடுத்தவன், இந்த ஒரு பெட்டியை மட்டும் திறந்து பார்க்கவில்லை. இந்த மாரப்பன் வாழ்க்கையில் பெட்டியைத் திறக்காமல் விலை பேசியது அந்த ஒரு தடவைதான், அது எப்படி உனக்குத் தெரிந்தது? யாரோ சொல்லியிருக்க வேண்டும். வாட்ச்மேனாக இருக்கலாம், ஏலம் விட்ட குமாஸ்தாவாக இருக்கலாம், என் லாரியில் சாமான் ஏற்றியவர்களில் ஒருத்தனாக இருக்கலாம். இல்லை, இதோ எனக்கு எதிரே வெயிலில் நின்றுகொண்டு வெள்ளைக் கைக்குட்டையால் ஐபீஸைத் துடைக்கிறாளே இந்தப் பல் டாக்டரம்மாவாகவும் இருக்கலாம், ஏன், நீயே இவளாகவும் இருக்கலாம். அதைப் பார்க்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். வாங்கத்தான் வந்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

இன்றைக்கு உடுமலை முழுக்க மாதாந்திர மின்தடை, காலையிலிருந்து கரண்டு கிடையாது, பல் பிடுங்குகிற நாற்காலி மேலே ஏறாது, அதனால் டாக்டரம்மாவுக்கு வேலை இல்லை. குழாயைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மொட்டை மாடிக்கு என்னை வரச் சொன்னாள். ஹெப்சிபா என்று பேர், நாகர்கோவில் பக்கம், என்னை அண்ணாச்சி என்கிறாள். முதல் தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது, எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடை, நான் என்ன உளுந்தம்பருப்பா அளக்கிறேன் என்று கேட்டேன், சிரித்தாள், மறுபடியும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள். சின்னப் பிளாஸ்டிக் மேசையில் மூன்று ஐபீஸை வரிசையாக வைத்திருக்கிறாள். இரண்டு சின்னது, ஒன்று பெரியது. பெரியதுதான் ஜூம், கழுத்தைத் திருகினால் இருபத்துநாலிலிருந்து எட்டு வரைக்கும் போகும், ஒன்று வாங்கினால் நாலைந்து வாங்கின மாதிரி என்கிறாள். ஒன்றுக்கு நாலு தருகிறேன் என்று சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்கு இவளிடம் பிடிபடவில்லை. வந்ததிலிருந்து இவள் என் வலது பக்கமாகவே நிற்கிறாள். என் இடது கண்ணில் பார்வை இல்லை என்பது ஊருக்கே தெரியும். பொள்ளாச்சிச் சந்தையில் தரகு பழகிக்கொண்டிருந்த வயசில் ஒரு காங்கேயம் காளை ஈயை விரட்டத் தலையைத் திருப்பியது, அவ்வளவுதான், கொம்பின் நுனி. மாட்டின் மேல் எனக்கு வருத்தமில்லை. அதற்கப்புறம் மனிதர்கள் நடந்துகொண்டதுதான். ஏமாற்ற நினைக்கிறவன் எல்லாம் என் இடது பக்கம் வந்து நிற்க ஆரம்பித்தான். வலது பக்கம் நின்று பல்லைக் காட்டுவான், இடது பக்கம் அவன் ஆள் கயிற்றை மாற்றி வேறு மாட்டைக் கட்டுவான். அன்றிலிருந்து டீக்கடையில் சுவரை ஒட்டித்தான் உட்காருவேன், பஸ்ஸில் இடது ஜன்னலோரம்தான், இடது பக்கம் காற்றைத் தவிர ஒருத்தனையும் விட்டதில்லை. இவள் மட்டும் சொல்லாமலே வலது பக்கம். ஏன்? எதற்காக இந்த மரியாதை? கேட்டே விட்டேன். "பல் டாக்டருங்க எல்லாரும் அப்படித்தான் அண்ணாச்சி. நாற்காலிக்கு வலப்பக்கம் நின்னு நின்னு பழகிப்போச்சு, எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அந்தப் பக்கம்தான் நிப்பேன்." சொல்லும்போது கண்ணைச் சிமிட்டவில்லை. பொய் சொல்கிறவர்களும் சில பேர் சிமிட்டுவதில்லை.

விற்றுவிட வேண்டியதுதானே இந்தக் குழாயை, பாவாத்தாள் தினம் கேட்கிறாள், வீட்டில் எதையும் இத்தனை நாள் வைத்திருந்து பழக்கமில்லாத மனுசன் இதை மட்டும் எதுக்குக் கட்டிலுக்கு அடியில வெச்சுட்டு இருக்கறீங்க என்று. மனைவியிடம்கூட இதைச் சொல்ல முடியவில்லை. போன மாசம் இந்த டாக்டரம்மா ஒரு சாயங்காலம் அவளுடைய ஐபீஸைச் செருகி நிலாவைக் காட்டினாள். நான் குனிந்தேன். பின்னாலிருந்து, "ஒரு கண்ணை மூடிக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், எனக்கு அது காதில் கேட்டது. ஆனால் எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? இந்த உலகத்தில் எல்லாச் சாமானும் இரண்டு கண்ணுக்காரனுக்குத்தான் செய்திருக்கிறான். படி இறங்குவதிலிருந்து ஊசி கோர்ப்பதுவரை இரண்டு கண் வேண்டும். இந்தக் குழாய் மட்டும்தான், எதிரே எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும், வா, ஒரு கண்ணை மூடு, அப்புறம் பார் என்கிறது. இந்தக் குழாய்க்கு முன்னால் குனிந்தால் எல்லோரும் என்னைப் போலத்தான். அந்த நிலா, அதில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் நிழல் கத்தி வைத்து அறுத்த மாதிரி, மூச்சுவிட்டால் ஆடுகிறது. அப்புறம் எப்படி விற்பது? ஆனால் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாயே. மூன்றையும் எடுத்தாய். ஒன்றையாவது விட்டிருக்கலாம். அதனால்தான் இந்த வெயிலில் ஒரு பல் டாக்டரிடம் வந்து ஜூமுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன்.

"சூரியன் பக்கம் மட்டும் திருப்பிராதிங்க, கண்ணு போயிரும்" என்று சொல்லிக் குழாயைக் கிழக்கே திருப்பி வைத்தாள். தூரத்தில் காற்றாலைகள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஜோபியில் போட்டுக்கொண்டு குனிந்தேன். இருபத்துநாலில் இருந்தது. காற்றாலை வந்தது, தண்டு, றெக்கை, ஆனால் ஓட்டை வழியாகப் பார்ப்பது போல, குறுகலாக, சுற்றிலும் கறுப்பு. அடுத்து அவள் எட்டுக்குத் திருப்பக் கை வைத்தாள். நான் கையைப் பிடித்துவிட்டேன். "ஏனுங்க, பெரிய நம்பர் இருக்கறப்ப எதுக்குங்க சின்ன நம்பருக்குப் போறீங்க? நான் சின்னது கேக்கலீங்களே." "இதுல நம்பர் குறையக் குறையத்தான் உருவம் பெருசாகும் அண்ணாச்சி. எட்டுதான் பெருசு." அதெப்படி? எந்த ஊர் வழக்கம் இது? குதிரைச் சக்தி கூடினால் மோட்டார் பெரிசு, இஞ்ச் கூடினால் குழாய் பெரிசு, இங்கே மட்டும் தலைகீழ். எட்டுக்குத் திருப்பினாள். எல்லாம் மங்கிவிட்டது. "பாத்தீங்களா, ஓட்டை" என்றேன். "ஓட்டை இல்ல, ஜூம்னா திருப்பினதும் கொஞ்சம் போக்கஸ் விலகும், சரி பண்ணிக்கிடணும்" என்று பக்கத்துத் திருகை லேசாகத் தொட்டாள். காற்றாலையின் தலை வந்து முகத்தில் முட்டியது. அதில் எழுதியிருந்த எண்ணைப் படித்தேன். எண்ணுக்குக் கீழே ஒரு மைனா உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. அகலமும் கூடியிருந்தது. இது இன்னும் சந்தேகம். பெரிசாக்கினால் இடம் குறைய வேண்டும், இது என்ன பெரிசாக்கினால் சன்னலும் பெரிசாகிறது, சின்னதாக்கினால் சன்னலும் சின்னதாகிறது? இருபத்துநாலில் யாரோ உள்ளே எதையோ அடைத்துவைத்திருக்கிறான். "எல்லா ஜூமும் அப்படித்தான்" என்றாள். இந்த வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எல்லா மோட்டாரும் முதலில் இரையத்தான் செய்யும். எல்லா எருமையும் புது இடத்தில் பால் மறுக்கத்தான் செய்யும்.

கீழே யாரோ பல்வலிக்காரர் வந்து கூப்பிட்டார். டாக்டரம்மா, "ஒரு நிமிசம், மாத்திரை குடுத்துட்டு வாரேன்" என்று படியிறங்கினாள். இதற்காகத்தான் காத்திருந்தேன். பெட்டியைத் திறந்தேன். உன் பள்ளங்கள். மூடிப்போன அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இவள் போய்க்கொண்டிருந்தாள் என்று டீக்கடை ரத்தினம் சொன்னான், பிள்ளைகளுக்கு வானம் காட்டப் போவாளாம், இந்தக் குழாயில்தான் காட்டியிருப்பாள், பள்ளிக்கூடம் மூடுகிறது என்று தெரிந்ததும் எடுத்திருப்பாள், இரண்டு விரலால், பல் பிடுங்குகிற விரல், சுற்றிலும் ஒன்றும் கிழியாமல் எடுக்கிற விரல். வேறு யாருக்கு வரும் அப்படி? ஒரு சின்ன ஐபீஸை எடுத்து முதல் பள்ளத்தில் வைத்தேன். உள்ளே விழுந்து லொடலொடவென்று ஆடியது. இரண்டாவதில் வைத்தேன், பாதியில் நின்றது. மூன்றாவதிலும் அப்படித்தான். அடுத்த சின்னதையும் மாற்றி மாற்றி வைத்தேன். ஜூமை எடுத்து அழுத்தினேன், அது தடிச்ச கழுத்து, எதிலும் நுழையவில்லை. இன்னும் அழுத்தினேன், ஸ்பாஞ்ச் பிதுங்கியது. நுழையேன், சனியனே, நுழைந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், இவள்தான் என்று தெரிந்துவிடும், சத்தம் போடலாம், சட்டையைப் பிடிக்க முடியாது, பொம்பளை, ஆனால் ஊரைக் கூட்டலாம். நுழையவில்லை. படியில் செருப்புச் சத்தம். எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தேன். அவள் பார்த்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பொருந்துச்சா?" என்றாள். நான் பெட்டி மூடியைச் சாத்தினேன். "அதோட ஐபீஸ்ல ஒண்ணு குண்டு, ரெண்டு ஒல்லி அண்ணாச்சி. நானே எத்தனை தடவை பிள்ளைங்க கையில இருந்து வாங்கி உள்ளே வச்சிருக்கேன். காணாமப் போச்சுன்னு நீங்க சொன்னப்ப எனக்கே வயிறு எரிஞ்சுது." கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆக இவள் இல்லை. சரி. நீ இன்னும் வெளியேதான் சுற்றிக்கொண்டிருக்கிறாய்.

நிலா வந்துவிட்டது என்றாள். பகலிலேயே, கிழக்கே, நீல வானத்தில் வெள்ளைத் துணிக்கந்தல் மாதிரி. குழாயை அதற்குத் திருப்பினாள். இருபத்துநாலில் பார்த்தேன், முழுசாக இருந்தது, சுத்தமாக இருந்தது. எட்டுக்கு நானே திருப்பினேன், நானே திருகைத் தொட்டுச் சரிசெய்தேன். அப்போதுதான் அது தெரிந்தது. ஒரு நூல். கறுப்பு நூல், ஒரு முனையில் முடிச்சு, நிலாவுக்குக் குறுக்கே, நீலத்திலும் கொஞ்சம் நீண்டு. ஆகா. இதோ. இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்தது இதுதான். மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து நெற்றி பார்த்து முதுகு பார்த்துக் கடைசியில் வால் அடியில் ஆகாத சுழி கிடைக்குமே, அப்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும், மாடு கெட்டதே என்று இல்லை, விலை நம் கைக்கு வந்துவிட்டது என்று, அந்தச் சந்தோஷம். "டாக்டரம்மா, உள்ள பூசணம் பூத்திருக்குது. நூல் மாதிரி ஓடுது. இத மறைச்சுப்போட்டுத்தான் விக்கறீங்களா?" அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியலியே அண்ணாச்சி." தெரியாது. மாடு விற்க வந்த எவனுக்கும் அவன் மாட்டின் சுழி தெரிந்ததாக நான் பார்த்ததில்லை. "நல்லாப் பாருங்க." "பாத்துட்டேன். சரி, நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நான் ஐபீஸை அப்படியே சுத்துதேன். கண்ணாடியில இருந்தா நூலும் சேர்ந்து சுத்தும்." மொத்த ஐபீஸையும் குழாய்க்குள் மெல்லச் சுற்றினாள். அதன்மேல் பொறித்திருந்த எழுத்துகள் என் புருவத்தைக் கடந்து போயின. நூல் சுற்றவில்லை. அப்படியே நின்றது. நான் கண்ணை வலது பக்கம் ஓட்டினேன். நூல் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பின்னாலேயே வந்தது, தாயை விட்டு விலகாத கன்று மாதிரி. இடது பக்கம் ஓட்டினேன். வந்தது. நின்றேன். அதுவும் ஆடி ஆடி நின்றது. அவள் ஜூமைக் கழற்றிவிட்டுச் சின்ன ஐபீஸ் ஒன்றைச் செருகினாள், இது புதுசு, பத்து என்றாள். அதிலும் நூல். நான் தலையை எடுத்துவிட்டேன். வெறும் வானத்தைப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது, மங்கலாக, முடிச்சோடு. "அண்ணாச்சி, அது லென்ஸ்ல இல்ல." தெரியும். அவள் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதைச் சொன்னது அவள்தான் என்று எனக்கு அவள் மேல் ஒரு ஆத்திரம் வந்தது.

நின்றபடியே அவள் சொல்லிக்கொண்டு போனாள், எட்டுக்குத் திருப்பும்போது வெளிச்சம் ஊசி மாதிரி கண்ணுக்குள் இறங்குமாம், உள்ளே மிதக்கிறதெல்லாம் நிழலாகத் தெரியுமாம், வயசானால் நிறையப் பேருக்கு உண்டாம், பயப்பட ஒன்றுமில்லையாம். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள். "இது எத்தனை நாளா இருக்கு? ஓரத்துல மின்னல் அடிச்ச மாதிரி ஏதாவது தெரியுதா?" இல்லைங்க என்று உடனே சொன்னேன். விலை பேசும்போது முதல் கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் உள்ளே ஒன்று தடுக்கிக்கொண்டது. மின்னல். என் கடைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை, பொன்னானுடையது, கொஞ்ச நாளாகவே அவனோடு எனக்குச் சண்டை, தடுப்புத் தகரத்தை வைக்காமல் வெல்டு வைக்கிறான், கண் ஓரத்தில் பளீர் பளீர் என்று அடிக்கிறது, எனக்கு இருப்பதே ஒரு கண், அதையும் எடுக்கப் பார்க்கிறாயாடா என்று கத்தியிருக்கிறேன். இன்றைக்குக் காலையில்கூட. கடை திறந்து உட்கார்ந்ததும் பளீர். எழுந்து போய்க் கத்தினேன். பொன்னான் பீடியோடு உட்கார்ந்திருந்தான். "ஏண்ணா, கரண்டே இல்லாம நான் எங்கீண்ணா வெல்டு வெக்கறது? வாயிலயா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெனரேட்டரை உள்ளே மறைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். இந்த மொட்டை மாடிக்கு வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், திரும்பிப் போகும்போது பட்டறைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூட. ஜெனரேட்டர் இருந்தால் சத்தம் கேட்காதா? மோட்டாரைச் சத்தத்திலேயே எடை போடுகிற எனக்குக் கேட்காதா? பட்டறை அமைதியாக இருந்தது. அமைதியாகத்தான் இருந்தது. பளீர் எங்கிருந்து? அப்படியானால் ரத்தினம் கடை டீயில் கிடந்த முடி? டம்ளரை அவன் மேசையில் கவிழ்த்தேனே, முடி எங்கே முடி எங்கே என்று அவன் டீயை விரலால் துழாவினானே. பாவாத்தாள் போட்ட சோற்றில்? "அட, எங்கீங்க இருக்குது முடி? எனக்குத் தெரியலீங்களே" என்று தட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாளே. வாங்கின வேட்டியில் கறுப்பு நூல் ஓடுகிறது என்று திருப்பிக் கொடுத்தது? கொசு என்று காற்றில் கை தட்டியது? எல்லாம் ஒரே நூல். ஒரே முடிச்சு. எல்லார் வீட்டிலும் எல்லார் கடையிலும் எல்லார் சாமானிலும் நான் கண்டுபிடித்த அழுக்கை நானே சுமந்துகொண்டு போய் வைத்திருக்கிறேன். இல்லை, அப்படி இருக்காது. டீயில் முடி இருந்திருக்கலாம். ரத்தினம் அத்தனை சுத்தக்காரன் இல்லை.

"மின்னல் அடிக்குதுங்க" என்றேன் கடைசியில். அவள் முகம் மாறிவிட்டது. கண்ணுக்குள்ளே ஒரு திரை இருக்குமாம், அது சுவரிலிருந்து பெயர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம், பெயர ஆரம்பித்திருந்தால் சீக்கிரம் ஒட்டிவிடலாமாம், விட்டுவிட்டால் கறுப்பு இறங்கிவிடுமாம். "இன்னைக்கே கோயம்புத்தூர் போங்க. நாளைக்குன்னு சொல்லாதிங்க. கண் டாக்டர் எனக்குத் தெரிஞ்சவங்கதான், போன் பண்ணிச் சொல்லுதேன்." தெரிந்தவர். இதோ வந்துவிட்டது. நான் எத்தனை பேரை எத்தனை பேரிடம் அனுப்பியிருக்கிறேன், அனுப்பினதற்கு எனக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? இவள் பல்லைப் பிடுங்குவாள், அவன் கண்ணைப் பிடிப்பான். "நானே கார்ல கொண்டு விடுதேன்" என்றாள். காரா? சொந்தச் செலவிலா? அப்படியானால் அங்கே பெரிய தொகையாக இருக்கும். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே பளீர். இடது பக்கமாக இல்லை, அங்கே ஒன்றும் வராது, வலது கண்ணின் வலது ஓரத்தில், அவள் நின்றிருந்த இடத்தில். அவள் ஒரு நொடி வெள்ளையாகிவிட்டுத் திரும்ப வந்தாள். மொட்டை மாடியில் வெல்டிங் இல்லை. ஊர் முழுக்கக் கரண்டு இல்லை.

"இந்தச் சாமானை முடிச்சுட்டுப் போயர்றனுங்க" என்றேன். "இப்பவா?" என்றாள். இப்போதுதான். எதையும் பேச்சில் பாதியில் விட்டுவிட்டுப் போனவன் இல்லை மாரப்பன். அவள் சின்ன ஐபீஸ்களில் ஒன்றை எடுத்து நீட்டினாள். "அப்ப இதை எடுத்துக்கிடுங்க. இருபத்தஞ்சு நம்பர். விலையும் கம்மி. இதுல அந்த நூல் தெரியவே தெரியாது, நிலா சுத்தமாத் தெரியும்." நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கும் அது புரிந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். இதை வாங்கினால் நூல் இல்லை, முடிச்சு இல்லை, கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து எப்போது பார்த்தாலும் சுத்தமான நிலா. குறையைக் காட்டாத சாமான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சுழியை மண்ணெண்ணெய் தடவி மறைத்துக் கொண்டுவந்த மாடுகளை வாங்கி வாங்கித்தான் நான் தரகு கற்றேன். இந்தக் கண்ணை என் தலையில் கட்டினவன் இதுவரைக்கும் அகப்படவில்லை, ஆனால் சாமானில் குறை எங்கே இருக்கிறது, நேற்றைக்கு எத்தனை நீளம், இன்றைக்கு எத்தனை நீளம் என்று எனக்குத் தெரிய வேண்டும். திருப்பினால் தெரிய வேண்டும், திருப்பினால் மறைய வேண்டும், இரண்டும் என் கையில் இருக்க வேண்டும். "இது வேண்டாமுங்க. ஜூம் குடுங்க." நான் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு நீட்டினேன். "இது என்னது?" "எங்க சந்தை வழக்கமுங்க. துண்டுக்குள்ளாற கையை விடுங்க. எத்தனை விரலைப் புடிக்கறீங்களோ அத்தனை ஆயிரம். வெளியில சொல்லக் கூடாது, பாக்கவும் கூடாது. கைக்குத்தான் பேச்சு." சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டாள். நான் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துண்டுக்குள் கண்ணுக்கு வேலை இல்லை, சந்தையில் நான் யாருக்கும் தோற்காத ஒரே இடம் அது, கண் போன மறுவாரமே துண்டுக்குள் கைவிட்டு ஒரு ஜோடி எருதை முடித்தேன். அவள் என் ஐந்து விரலையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். அழுத்தவில்லை, விடவும் இல்லை. "அப்புடிப் புடிச்சா அஞ்சுங்க" என்றேன். "கை சில்லுன்னு இருக்கு அண்ணாச்சி" என்றாள். விலை கேட்டால் இதுவா பதில்? இதில் என்ன சூட்சுமம் என்று யோசித்தேன், நாகர்கோவிலில் இப்படி ஒரு வழக்கம் இருக்குமோ, ஆளை இளக்கிவிட்டு விலையை ஏற்றுகிற வழக்கம். ஆனால் கையை நானும் எடுக்கவில்லை. "அஞ்சு அதிகமுங்க" என்றேன். "உங்களுக்கு எது நியாயமாப் படுதோ குடுங்க. இப்பக் கிளம்புங்க" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறைக்காமல் கொடுத்தேன். கார் வேண்டாம் என்றேன். ஆட்டோவில் ஏற்றி, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் கண் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே நின்றாள். ஆட்டோவுக்கு வலது பக்கம்.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். மடியில் பெட்டி. ஜூமைப் பள்ளத்தில் வைக்க முடியவில்லை, துணியில் சுற்றிக் குழாயின் காலடியில் வைத்திருக்கிறேன். தலைமாட்டில் உன் மூன்று பள்ளமும் அப்படியே காலி. வெளியே வெயில் இறங்குகிறது, தென்னந்தோப்பு ஓடுகிறது, தோப்புக்கு மேலே நூலும் கூடவே ஓடி வருகிறது. இனி அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். பயம் என்று சொல்லமாட்டேன். பொள்ளாச்சிக்குள் பஸ் நுழைந்தால் சந்தைப்பேட்டை தெரியும், அங்கேதான் முதல் கண் போனது, பார்க்க வேண்டாம் என்று நினைத்தால் பார்த்துவிடுவேன். ஒட்டிவிடலாம் என்றாள். சீக்கிரம் போனால் ஒட்டிவிடலாம். எத்தனை சீக்கிரம் என்று சொல்லவில்லை. சந்தேகம் வருகிறது, அந்தக் கண் டாக்டர் எப்படிப்பட்டவரோ, எதை எடுத்து எதை வைப்பாரோ, நான் மயங்கிக் கிடக்கும்போது யார் எந்தப் பக்கம் நிற்பார்களோ. வாட்ச்மேன், குமாஸ்தா, லாரிக்காரன், இந்த டாக்டரம்மா, எல்லாரையும் பார்த்தாயிற்று, அவர்கள் கையெல்லாம் இல்லை அது. கிழிக்காமல், சத்தமில்லாமல், தூங்குகிறவன் தலைமாட்டிலிருந்து எடுக்கிற மாதிரி எடுக்கிறவன் நீ, குழாயின் கண்ணையும் அப்படித்தான், என் கண்ணையும் அப்படித்தான். கேள், உனக்குத்தான் சொல்கிறேன். நீ யார் என்று நான் கேட்கப்போவதில்லை. போலீசுக்குப் போகமாட்டேன், ஊரைக் கூட்டமாட்டேன், முகத்தைக்கூடக் காட்ட வேண்டாம். பெட்டிமேல் துண்டை விரித்திருக்கிறேன், துண்டுக்கு அடியில் என் கை மல்லாந்து கிடக்கிறது. என் ஆயுசில் செய்யாத ஒன்றைச் செய்திருக்கிறேன், ஜன்னலோரம் உட்காரவில்லை. தள்ளி உட்கார்ந்து, இடது பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டிருக்கிறேன். கண்டக்டர் வந்து, "ஏண்ணா, உள்ள தள்ளி உக்காருங், ஆளுக நிக்கறாங்கல்ல" என்கிறான். "ஆள் வருதுங்க" என்கிறேன். முறைக்கிறான். முறைக்கட்டும். வா. இடது பக்கமாகவே வா, நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். விலை எதுவானாலும் விரலைப் பிடித்துச் சொல், இந்தத் தடவை நான் குறைத்துக் கேட்கமாட்டேன். கோயம்புத்தூர் வருவதற்குள் எடுத்ததைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிடு.